நல்ல தண்ணீர் எது? செட்டிநாட்டு வீட்டுக்குக் குழாய், ஆர்ஓ, கேன், மழைநீர்: ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. “போர்த் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 900 காட்டுகிறது, ஆர்ஓ போடலாமா?” “குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. அதைக் குடிக்கலாமா, கேன் வாங்க வேண்டுமா?” “பூர்விக வீட்டைப் பழுது பார்க்கிறோம். வளவில் (நடு முற்றத்தில்) விழும் மழையைப் பிடித்தால் குடிக்கப் போதுமா?” கருவி விற்பவரிடம் கேட்டால் மூன்றுக்கும் ஒரே விடை: ஆர்ஓ, அதாவது தண்ணீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் கருவி. எங்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தண்ணீரில் எது கூடுதலாக இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் கருவி பல வீடுகளில் வீண் செலவாக முடிகிறது. சில வீடுகளில் அது ஆபத்தான நிம்மதியைத் தந்துவிடுகிறது. அதனால் முதலில் அளவுகோல்களைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வழியையும் அவற்றோடு வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஐந்து கேள்விகள். தண்ணீரில் மிகுந்திருக்கும் வேதிப்பொருள் எது? குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு எவ்வளவு வேண்டும்? கருவியை யார் பராமரிப்பார்கள்? வருடத்தில் எத்தனை மாதம் வீடு பூட்டிக் கிடக்கும்? வாங்கும் விலையில் தெரியாத செலவு எவ்வளவு?

நான்காவது கேள்வி செட்டிநாட்டுக்கே உரியது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஐயாவும் ஆச்சியும் மட்டும் இருக்கும் வீடுகள் ஒரு பக்கம். கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் மட்டும் திறக்கும் வீடுகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒரே கருவி பொருந்தாது.

அளவுக்கு ஒரு கணக்கு: குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர். நான்கு பேருக்கு நாளைக்கு 20 லிட்டர். குளிக்க, துவைக்க, வீடு கழுவப் போர்த் தண்ணீரே போதும். வீடு முழுவதற்கும் சுத்திகரிப்புக் கருவி என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம். இந்த 20 லிட்டரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

முதல் கேள்விக்கு அடிப்படை, இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500. அளவுகள் லிட்டருக்கு மில்லிகிராமில்:

| பொருள் | ஏற்கத்தக்கது | வேறு நீரே இல்லாவிட்டால் | கொதிக்க வைத்தால் |
|---|---|---|---|
| கரைந்த உப்புகள் (டிடிஎஸ்) | 500 | 2000 | செறிவு கூடும் |
| கடினத்தன்மை | 200 | 600 | ஒரு பகுதி படிந்து குறையும் |
| குளோரைடு | 250 | 1000 | கூடும் |
| ஃபுளோரைடு | 1.0 | 1.5 | கூடும் |
| நைட்ரேட் | 45 | தளர்வு இல்லை | கூடும் |
| இரும்பு | 1.0 | தளர்வு இல்லை | ஓரளவு வண்டலாகப் படியும் |
| காரீயம் | 0.01 | தளர்வு இல்லை | கூடும் |

அட்டவணையின் கடைசிப் பத்தியை இன்னொரு முறை பாருங்கள். “நாங்கள் காய்ச்சித்தான் குடிக்கிறோம்” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. ஆவி போகப் போக, மீதித் தண்ணீரில் அவை இன்னும் செறிவாகும்.

டிடிஎஸ் அளக்கும் பேனா வடிவக் கருவி (டிடிஎஸ் பேனா) காட்டுவது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டுமே. அந்த 900-இல் பெரும்பங்கு சோடியம், கால்சியம், பைகார்பனேட், குளோரைடு. ஃபுளோரைடு 3 மி.கி. இருந்தால், 900-இல் அது வெறும் 3. டிடிஎஸ் 350 உள்ள தண்ணீரில் ஃபுளோரைடு வரம்பைத் தாண்டியிருக்கலாம். டிடிஎஸ் 800 உள்ள தண்ணீரில் உவர்ப்பைத் தவிர வேறு குறையே இல்லாமலும் இருக்கலாம். பேனாவை மட்டும் நம்பி 15,000 ரூபாய் செலவழிக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

## இந்த மண்ணில் எது எதற்கு வாய்ப்பு

சிவகங்கை மாவட்டத்தின் மேற்கே கடினப் பாறை, கிழக்கே படிவுப் பாறை. பாறைப் பகுதியில் போர் ஆழமாகப் போகப் போக, தண்ணீர் பாறையோடு கிடக்கும் காலம் கூடுகிறது. பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைகிறது. கால்சியம் குறைவாகவும் பைகார்பனேட் மிகுதியாகவும் உள்ள நீரில் இன்னும் எளிதாகக் கரையும். “இனிப்பான, சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீர்” என்று பெயரெடுத்த போரிலும் ஃபுளோரைடு இருக்கக் காரணம் இதுதான்.

செம்மண்ணும் செம்புறைக்கல்லும் உள்ள இடங்களில் இரும்பு. மோட்டார் போட்டதும் தண்ணீர் கண்ணாடி போல வரும். எவர்சில்வர் வாளியில் ஓர் இரவு வைத்தால் அடியில் செங்காவி வண்டல் படியும். நிலத்தடியில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாக மாறுவதால் இப்படி ஆகிறது. அந்தத் தண்ணீரில் டீ போட்டால் மை கரைத்தது போலக் கறுக்கும்.

நைட்ரேட் வருவது வீட்டின் பின்புறத்திலிருந்து. பழைய வீடுகளில் பின்கட்டுக் கிணறு முதலிலேயே இருந்தது. கழிவறையும் செப்டிக் டேங்கும் பின்னால் வந்தவை. கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் வேண்டும். ஒடுங்கிய மனையில் பல வீடுகளுக்கு அது இல்லை. மாட்டுக் கொட்டகை, உரமிட்ட வயல் ஆகியவையும் காரணம்.

இரும்பும் கடினத்தன்மையும் கண்ணுக்கும் நாக்குக்கும் பருப்புப் பானைக்கும் தெரிந்துவிடும். ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. ஃபுளோரைடு முதலில் குழந்தைகளின் பல்லில் வெள்ளை, பழுப்புக் கோடுகளாகத் தெரியும். நிரந்தரப் பற்கள் உருவாகும் முதல் எட்டு வயது வரைக்கும் இந்தப் பாதிப்பு நடக்கிறது, பிறகு அதைத் திருப்ப முடியாது. ஆண்டுக்கணக்கில் மிகுதியாகக் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். நைட்ரேட் ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு உடனடி ஆபத்து. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும்.

## சோதனைக்குத் தண்ணீர் எடுப்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கேட்க வேண்டியவை: டிடிஎஸ், பிஹெச், காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு. பழைய குழாய் உள்ள வீடானால் காரீயத்தையும் கேளுங்கள். அதற்குத் தனிக் கருவி வேண்டும் என்பதால், அந்த ஆய்வகம் செய்யுமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

2 லிட்டர் புதுப் பிளாஸ்டிக் கேன் எடுங்கள். குளிர்பான பாட்டில் வேண்டாம். சோப்புப் போடக் கூடாது. போர் மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். நாள்பட்டால் நைட்ரேட் அளவு மாறிவிடும். காரீயத்துக்கு மட்டும் முறை தலைகீழ். இரவு முழுதும் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரை, விடியற்காலையில் எதையும் திறக்கும் முன் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே கிருமி நீக்கிய பாட்டில் தரும்.

மே மாதத்தில் ஒரு முறை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை. இரண்டும் வேறுபட்டால் மோசமானதை வைத்து முடிவெடுங்கள்.

## வழி 1: குழாய்த் தண்ணீரும் எளிய வடிகட்டியும்

காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் பெயர்பெற்றது. சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது. உங்கள் வீட்டுக் குழாயில் எது வந்தாலும், டிடிஎஸ் 500-க்குள், ஃபுளோரைடு 1-க்குள், நைட்ரேட் 45-க்குள் என்று சோதனை சொன்னால் ஆர்ஓவை மறந்துவிடலாம். டிடிஎஸ் 500-க்குக் குறைந்த நீருக்கு ஆர்ஓ கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019-இல் சொல்லியிருக்கிறது.

இங்கே கேடு பெரும்பாலும் தெருக்குழாய்க்கும் உங்கள் டம்ளருக்கும் இடையில்தான் நேர்கிறது. அதிகம் காணும் தவறு: குழாய்த் தண்ணீரும் போர்த் தண்ணீரும் ஒரே தரைத்தொட்டியில் விழுவது. குழாய் வராத நாளில் போர் போட்டு நிரப்புகிறார்கள். பிறகு, “காவிரித் தண்ணீரே உப்பாக இருக்கிறது” என்று கருவி வாங்குகிறார்கள். நல்ல தண்ணீருக்கென்று மூடியுள்ள தனித் தொட்டி வையுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் வந்தாலும், நாளைக்கு 20 லிட்டருக்கு 200 லிட்டர் தொட்டி தாராளம். கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு இதுதான்.

இரண்டாவது, காரீயம். பழைய பித்தளைக் குழாய், ஈயப் பற்று வைத்த இணைப்பு, பழைய பிவிசி குழாய் ஆகியவற்றிலிருந்து இது கசியலாம். பிவிசி குழாய்களில் காரீய நிலைப்படுத்திகளை விலக்க 2021-இல்தான் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வீட்டுக் குழாய் அதற்கு முந்தியதானால், காலையில் முதல் இரண்டு நிமிடத் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள்.

வடிகட்டிக்கு வரிசை: வண்டல் வடிகட்டி, கரி வடிகட்டி, கிருமியைக் கொல்லும் யுவி (புற ஊதா) விளக்கு. கரி, குளோரின் நாற்றத்தையும் கரிமச் சேர்மங்களையும் பிடிக்கும். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எதையும் பிடிக்காது. அதைத் தொட்டியின் வாயிலில் பொருத்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் குளோரின் அங்கேயே போய்விடும், தொட்டித் தண்ணீருக்குக் கிருமியிடமிருந்து காப்பு இருக்காது. அடுப்படிக் குழாயில், கடைசி இடத்தில் வையுங்கள். கலங்கல் தண்ணீரில் யுவி வேலை செய்யாது, துகள்களின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். வண்டல் வடிகட்டியை முன்னால் வைப்பது அதனால்தான்.

குழாய் முனையில் குளோரின் குறைந்தது 0.2 மி.கி. இருக்க வேண்டும். துளி மருந்து விட்டு நிறம் பார்க்கும் சிறு பெட்டி மலிவாகவே கிடைக்கிறது. குளோரின் சரியாக இருந்து, தொட்டியும் சுத்தமாக இருந்தால் துணியில் வடிகட்டிக் காய்ச்சினாலே போதும். இருக்கும் வழிகளிலேயே குறைந்த செலவு இதற்குத்தான்.

## வழி 2: போர்த் தண்ணீரும் ஆர்ஓவும்

டிடிஎஸ், ஃபுளோரைடு, நைட்ரேட் என ஒன்றுக்கு மேற்பட்டவை வரம்பைத் தாண்டி, குழாய்த் தண்ணீரும் நம்பும்படி இல்லை என்றால் ஆர்ஓ சரியான தேர்வு. நல்ல மெம்பிரேன் (ஆர்ஓவின் சவ்வு) கரைந்த உப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கும். ஃபுளோரைடையும் ஏறக்குறைய அப்படியே தடுக்கும். நைட்ரேட்டை அந்த அளவுக்குத் தடுக்காது. நைட்ரேட் 150 உள்ள கிணற்றுக்கு ஆர்ஓ போட்டால், வெளிவரும் தண்ணீரையும் சோதித்தே ஆக வேண்டும்.

வீட்டுக் கருவி 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறத்தாழ 3 லிட்டரைக் கழிக்கிறது. நாளைக்கு 20 லிட்டர் எடுத்தால் கழிவு 60 லிட்டர், வருடத்துக்கு 21,900 லிட்டர். டிடிஎஸ் 900-ஆக நுழைந்த தண்ணீர் கழிவாக வரும்போது 1,180 அளவில் இருக்கும். கழிவறைக்கும் சாக்கடை கழுவவும் ஆகும். தொடர்ந்து செடிக்கு ஊற்றினால் மண்ணில் உப்பேறும். கிணற்றோரக் குழியில் விட்டால் அதே ஃபுளோரைடு செறிவாகக் கிணற்றுக்கே திரும்பும்.

கருவியில் “மினரல்”, “டிடிஎஸ் அட்ஜஸ்டர்” என்று ஒரு சிறு திருகு இருக்கும். சுவைக்காக மெக்கானிக் அதைத் திறந்து வைப்பார். பல கருவிகளில் அது செய்வது, மெம்பிரேன் வழியே போகாத பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துச் சுத்த நீரோடு கலப்பது. பச்சைத் தண்ணீரில் ஃபுளோரைடு 3, மெம்பிரேன் தாண்டியதில் 0.3 என்று கொள்ளுங்கள். திருகு 40 விழுக்காடு கலக்கவிட்டால், 3-இன் 40 விழுக்காடு 1.2, அதோடு 0.3-இன் 60 விழுக்காடு 0.18. மொத்தம் 1.38. கருவி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, தண்ணீர் இனிக்கிறது. பிள்ளையின் பல்லுக்கு வரும் ஃபுளோரைடு வரம்புக்கு மேலே. ஃபுளோரைடோ நைட்ரேட்டோ மிகுந்த வீட்டில் இந்தத் திருகை முழுதும் மூடச் சொல்லுங்கள். எதிரில் நின்று மூடவையுங்கள். சுவை சப்பென்று இருந்தாலும் பழகிவிடும்.

இரும்பு லிட்டருக்கு 0.3 மி.கி. தாண்டினாலே மெம்பிரேன் துருப்பூச்சில் அடைபடத் தொடங்கும். குடிக்க 1.0 வரை ஆகும், மெம்பிரேனுக்கு ஆகாது. செங்காவி வண்டல் விழும் வீட்டில் முதலில் தண்ணீரைக் காற்றுப்படத் தூவி, மணல் வடிகட்டியில் விட்டு, பிறகு ஆர்ஓவுக்கு அனுப்ப வேண்டும். இதைச் செய்யாதவர்கள் சில மாதங்களுக்கு ஒரு முறை மெம்பிரேன் மாற்றிவிட்டு, கருவியைக் குறை சொல்கிறார்கள்.

டிடிஎஸ் பேனா உண்மையில் உதவுவது இங்கேதான். மாதம் ஒரு முறை, திருகு மூடிய நிலையில், உள்ளே போவதையும் வெளிவருவதையும் அளந்து எழுதி வையுங்கள். 900 உள்ளே, 60 வெளியே என்றால் 93 விழுக்காடு, நலம். 135-ஐத் தாண்டினால் தடுப்பு 85-க்குக் கீழே போய்விட்டது, மெம்பிரேனை மாற்றுங்கள். “வருடம் முடிந்தது” என்று மாற்றச் சொல்பவருக்கும், “இன்னும் ஓடுமே” என்று தள்ளிப்போடும் நமக்கும் இந்த நோட்டுப் புத்தகமே நடுவர்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆர்ஓ ஒத்துவராது. ஒரு முறை நனைந்த மெம்பிரேன் காய்ந்தால் கெடும். நனைந்தபடி மாதக்கணக்கில் தேங்கினால் கிருமி வளரும். ஒரு மாதம் வரை போகிறீர்கள் என்றால் உள்வரும் குழாயை மூடி, சேமிப்புத் தொட்டியைக் காலி செய்து போங்கள். வந்ததும் முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கும் வீடானால் வடிகட்டிகள், மெம்பிரேன் எல்லாமே புதிது என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் தங்க 5,000 ரூபாய்ச் செலவு அது.

கடினத்தன்மை நீக்கும் உப்புக் கருவியைச் சிலர் ஆர்ஓவுக்கு மாற்றாகக் கேட்கிறார்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். கடினத்தன்மை 100 குறைந்தால் சோடியம் 46 மி.கி. கூடும். துணிக்கும் ஹீட்டருக்கும் நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர் குடிக்க வேண்டாம்.

## வழி 3: ஃபுளோரைடுக்கு மட்டும் தனி வடிகட்டி

சோதனையில் ஃபுளோரைடு மட்டும் வரம்பு மீறி, மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால், செயலூட்டிய அலுமினா நிரப்பிய வடிகட்டி போதும். மின்சாரம் வேண்டாம், கழிவுநீர் இல்லை. அலுமினா மணிகளின் மேற்பரப்பில் ஃபுளோரைடு ஒட்டிக்கொள்கிறது. இடம் நிரம்பியதும் ஒட்டுவது நின்றுவிடும். அப்போதும் தண்ணீர் அதே தெளிவோடு, அதே வேகத்தில் வரும், எந்த எச்சரிக்கையும் இருக்காது. காரத்தன்மையும் பிஹெச்சும் மிகுந்த நீரில் இது சீக்கிரமே நிரம்பிவிடும். அதனால்தான் சோதனைப் பட்டியலில் அவ்விரண்டையும் சேர்த்தோம்.

நிரம்பியதை எரிசோடாவும் அமிலமும் கொண்டு புதுப்பிக்க வேண்டும். அடுப்படியில் செய்கிற வேலை இல்லை அது. ஊரில் புதுப்பித்துத் தருபவர் இருக்கிறாரா என்று கேட்ட பிறகே வாங்குங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். மாதந்தோறும் ஃபுளோரைடு சோதனைப் பெட்டி வைத்துப் பார்க்கும் பொறுமையுள்ள ஒருவர் இருந்தால், ஆர்ஓவைவிடச் சிக்கனம்.

## வழி 4: கேனும் தண்ணீர் வண்டியும்

20 லிட்டர் கேன் 35 ரூபாய் என்று வைத்தால், நாளைக்கு ஒன்று வீதம் வருடத்துக்கு 12,775 ரூபாய். நான்கு பேர் நிரந்தரமாக இருக்கும் வீட்டில், ஆர்ஓ கருவியின் விலையை இரண்டு வருடத்தில் தாண்டிவிடும். இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் பாதிதான். ஆர்ஓவின் ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துப் பார்த்தால், பெரியவர்களுக்குக் கேனே தோதாகப் படலாம். ஒரு தொல்லை உண்டு: தூக்கி வைக்க ஆள் வேண்டும். கொண்டுவருபவரே ஸ்டாண்டில் ஏற்றி வைக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

கேனில் பார்க்க வேண்டியவை: 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண், தயாரித்த நாள், உடையாத மூடி உறை. கேனின் உள்பக்கம் கீறலும் பச்சைப் படிவும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கீறலுக்குள் படியும் பாசி கழுவினாலும் போகாது. வாசல் வெயிலில் கேன்களை அடுக்கி வைக்கும் கடையில் வாங்க வேண்டாம். கேன் நல்லதாக இருந்தும் தண்ணீர் கெடுவது, நம் வீட்டில் கேனைக் கவிழ்த்து வைக்கும் மண்பானையின் குழாயில். அதன் உள்வாயில் விரல் விட்டுப் பாருங்கள், வழவழப்பு இருந்தால் அது கிருமிப் படலம். வாரம் ஒரு முறை தேய்த்துக் கொதிநீர் ஊற்றுங்கள்.

தெருவில் மணியடித்து வந்து குடத்துக்கு இவ்வளவு என்று ஊற்றும் வண்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் உரிம எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. அந்தத் தண்ணீரையே ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். நன்றாக இருந்தால் வாங்கலாம். ஆனால் நாளை வேறு போரில் பிடித்து வந்தால் உங்களுக்குத் தெரியாது.

## வழி 5: வளவு மழைநீர்

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் தண்ணீரை நினைத்தே கூரை போட்டார்கள். நாலு பக்க ஓட்டுச் சரிவும் உள்முகமாக இறங்கி, கூடல்வாய் வழியே வளவுக்குள் கொட்டும். அங்கே அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்தார்கள். மிஞ்சியது ஊருணிக்குப் போனது. கூரையில் விழும் மழையில் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கடினத்தன்மையும் ஏறக்குறைய இல்லை. இந்தக் கட்டுரையில் பேசிய வேதிப்பொருட்கள் அனைத்துக்கும், கூரை சுத்தமாக இருந்தால், விடை தலைக்கு மேலேயே இருக்கிறது.

கணக்குப் பாருங்கள். வளவை நோக்கிச் சரியும் கூரையின் பரப்பை, ஓட்டின் சரிவில் அளக்காமல் கீழே தரையில் அளந்தால் 100 சதுர மீட்டர் என்று வைப்போம். 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் விழும். சிதறல், உறிஞ்சல் போக 800 லிட்டர் கையில் கிடைக்கும். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 270 நாள், நாளைக்கு 20 லிட்டர் என்றால் வேண்டியது 5,400 லிட்டர். அதற்கு 70 மி.மீ. மழை போதும். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று நல்ல மழை நாட்களில் அது கிடைத்துவிடும். 6,000 லிட்டர் தொட்டி ஒன்று, ஒரு குடும்பத்தின் ஒன்பது மாதக் குடிநீர்.

தவறும் இடங்கள் கூரையிலும் பாத்திரத்திலும் உள்ளன. பூட்டிய வீட்டுக் கூரையில் புறாவும் வௌவாலும் குடியிருக்கும். ஐப்பசி பிறந்து இரண்டு கனமழை கூரையைக் கழுவிய பிறகே பிடிக்கத் தொடங்குங்கள். அதன் பின்னும் ஒவ்வொரு மழையிலும் முதல் 2 மி.மீ. வெளியே போக வேண்டும். 100 சதுர மீட்டருக்கு அது 200 லிட்டர், அதாவது ஒரு பீப்பாய். குழாயை முதலில் பீப்பாய்க்கும், அது நிரம்பியதும் தொட்டிக்கும் போகும்படி அமையுங்கள். பீப்பாயின் அடியில் ஒரு சிறு கசிவுக் குழாய் இருந்தால் அடுத்த மழைக்குள் தானாகக் காலியாகிவிடும். தொட்டிக்கு முன் கூழாங்கல், மணல், அடுப்புக்கரி அடுக்கு.

ஓட்டின் மேல் புதிதாகப் பூசிய நீர்க்காப்புப் பெயின்ட், பழைய பெயின்ட் உரியும் தகரக் கூடல்வாய், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆகியவை உள்ள கூரை குடிநீருக்கு வேண்டாம். மழைநீரில் தாது இல்லாததால் அதற்கு உலோகத்தைக் கரைக்கும் குணம் உண்டு. செம்பு அண்டாவிலோ பித்தளைக் குடத்திலோ நாட்கணக்கில் வைக்காதீர்கள். பச்சைக் களிம்பு தெரிவதற்கு முன்பே செம்பு கரைந்திருக்கும். பித்தளையில் காரீயக் கலப்பும் இருக்கலாம். அண்டாவில் பிடிக்கலாம், பிடித்ததும் ஒளி புகாத தொட்டிக்கு மாற்றுங்கள். சிமென்ட் தொட்டியானால் முதல் இரண்டு மூன்று நிரப்பைக் கொட்டிவிடுங்கள், புதுச் சிமென்ட் பிஹெச்சை மிகவும் ஏற்றிவிடும்.

தொட்டி சிறியதாக இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது: கலப்பது. போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு 2.4 என்றால், 12 லிட்டர் மழைநீரோடு 8 லிட்டர் போர்த் தண்ணீர் சேர்த்தால் 20 லிட்டரில் ஃபுளோரைடு 0.96. வரம்புக்குள் வந்துவிடுகிறது, சுவையும் சப்பென்று இராது. ஒன்பது மாதத்துக்கு 3,240 லிட்டர் போதும். இதைக் காய்ச்சிக் குடியுங்கள்.

தொட்டி, குழாய், வடிகட்டி சேர்த்து முதல் செலவு 50,000 ரூபாயைத் தொடும். அதற்குப் பிறகு வருடத்தில் ஒரு நாள் கூரை பெருக்க ஆள், ஒரு முறை தொட்டி கழுவ ஆள். பழுதுபார்ப்பு வேலை நடக்கும்போதே செய்தால் செலவு குறையும். மாடி போட்டுத் தளம் மாற்றிய பிறகு நினைத்தால் கூடும்.

## ஒரு பார்வையில்

| | ஃபுளோரைடு | நைட்ரேட் | உப்பு | முதல் செலவு | மறைந்த செலவு | பூட்டிய வீட்டுக்கு |
|---|---|---|---|---|---|---|
| குழாய் + கரி, யுவி | நீக்காது | நீக்காது | நீக்காது | குறைவு | தனித் தொட்டி | ஆகும் |
| ஆர்ஓ | நீக்கும் | பெரும்பகுதி | நீக்கும் | நடுத்தரம் | கழிவுநீர், மெம்பிரேன் | ஆகாது |
| அலுமினா | நீக்கும் | நீக்காது | நீக்காது | குறைவு | புதுப்பித்தல், மாதச் சோதனை | ஆகாது |
| கேன் | ஆலையைப் பொறுத்தது | ஆலையைப் பொறுத்தது | பெரும்பாலும் நீங்கும் | இல்லை | நாள் செலவு, தூக்க ஆள் | மிகவும் ஏற்றது |
| மழைநீர் | இராது | இராது | இராது | அதிகம் | கூரைச் சுத்தம் | பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் |

## எந்த வீட்டுக்கு எது

கைக்குழந்தை உள்ள வீட்டில் நைட்ரேட் 45-ஐத் தாண்டினால் அன்றைக்கே போர்த் தண்ணீரை நிறுத்துங்கள். சோதித்த குழாய்த் தண்ணீரோ, உரிமமுள்ள கேனோ வாங்கிக் காய்ச்சிப் பால் கரையுங்கள். கருவி பொருத்தும் யோசனையைப் பிறகு பார்க்கலாம்.

எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்து ஃபுளோரைடு 1.0-ஐத் தாண்டினால் மழைநீர்த் தொட்டியோ, திருகு மூடிய ஆர்ஓவோ. கூரை இருந்தால் நாங்கள் மழைநீரையே சொல்வோம். பெரியவர்கள் இருவர் மட்டும் என்றால் நல்ல குழாய்த் தண்ணீரும் தனித் தொட்டியும், குழாய் சரியில்லாவிட்டால் கேன். இரும்பு மட்டும்தான் குறை என்றால் காற்றூட்டலும் மணல் வடிகட்டியும் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

விசேஷ வீட்டுக்குக் கணக்கே வேறு. 300 பேருக்குச் சமையலும் குடிநீருமாக ஆளுக்கு 5 லிட்டர் என்றால் 1,500 லிட்டர். மணிக்கு 15 லிட்டர் தரும் வீட்டு ஆர்ஓ அதற்கு 100 மணி நேரம் ஓட வேண்டும். அது நடக்காது, தேவையும் இல்லை. ஃபுளோரைடு செய்யும் கெடுதல் ஆண்டுக்கணக்கில் சேர்வது, ஒரு நாள் பந்தியில் யாருக்கும் எதுவும் ஆகாது. அன்றைய ஆபத்து கிருமி. குழாய்த் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ முந்தின நாளே கழுவிய தொட்டியில் நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, வண்டல் இறங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். பழைய, காற்றுப்பட்ட பவுடரில் குளோரின் போயிருக்கும். அதனால் பந்திக்கு எடுக்கும் முன் துளி மருந்துப் பெட்டியில் 0.2 காட்டுகிறதா என்று பாருங்கள். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு மட்டும் இரண்டு கேனைத் தனியாக அடுப்படியில் வைத்துவிடுங்கள்.